இவாஞ்சலின் கை வைக்காத லைன்

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இவாஞ்சலின் வீட்டுக் கூடத்துச் சுவரில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சுவரில் மாட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியில் இருபத்துநான்கு என்றிருந்த எண் இருபத்தாறாகும். உடனே மொட்டை மாடியில் இருக்கும் யந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பும். மேற்சுவரில் பொருத்திய நீளப் பெட்டியிலிருந்து கதகதப்பான காற்று இறங்க ஆரம்பிக்கும். இவாஞ்சலின் கையில் இருப்பது துடைப்பமோ கரண்டியோ, அதை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வெள்ளைப் பெட்டிக்கு எதிரே போட்டிருக்கும் நாற்காலியில் வந்து உட்காருவாள்.

“வந்துட்டியாப்பா? எழுந்ததும் காப்பி குடிச்சியா?” என்பாள்.

வீட்டில் வேறு யாரும் கிடையாது. புருஷன் ஜோசப்ராஜ் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஒரே மகன் ஆல்பின் மனைவி நான்சியோடு கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் இருக்கிறான். இங்கே விளக்கு வைக்கும்போது அங்கே பொழுது விடியும். அவள் பேசுவது அந்தப் பெட்டியோடுதான். சிரிக்காதீர்கள். அவளுக்கு மூளை பிசகவில்லை. இதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. கணக்கு தப்பு என்பது வேறு விஷயம்.

இவாஞ்சலின் தெள்ளாரில் ஒரு சர்ச் உபதேசியாரின் மகள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பரீட்சை எழுதி, ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். இப்போது போல இஷ்டத்துக்கு எண்ணை அழுத்திப் பேசுகிற காலமில்லை அது. பெங்களூரோடு பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டு வியாபாரிகள் காலையில் நூல் விலை கேட்டுத் துடிப்பார்கள். மாலையில் சாவுச் செய்தியும் பிள்ளை பிறந்த செய்தியும் வரும். எல்லாம் இவாஞ்சலின் காது வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தன. லைன் தேய்ந்து போய் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காவிட்டால், நடுவிலிருந்து இவளே எடுத்துச் சொல்வாள். சந்தவாசலிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரன் மனைவி எக்ஸ்சேஞ்சுக்கே வந்து காத்திருந்து பேசுவாள். “நல்லா இருக்காராம்மா. குழந்தைக்குப் பல்லு முளைச்சுதான்னு கேக்கறார்” என்று இவாஞ்சலின் எடுத்துச் சொல்ல, அந்தப் பெண் இவளைப் பார்த்தே வெட்கப்படுவாள். ஊரார் பாசத்தையெல்லாம் தன் தொண்டையால் சுமந்தவள்தான் இவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் மணிமேகலை அம்மாள் இரண்டு பாடம் சொல்லித் தந்தாள். ஒன்று, இரண்டு லைன்களைச் சேர்க்க போர்டில் சொருகியிருக்கும் கயிற்றில், பேச்சு நடக்கும்போது கை வைக்கவே கூடாது. “போர்டுல விளக்கு எரிஞ்சா பேசி முடிச்சாச்சுன்னு அர்த்தம். அப்ப உருவு. அதுக்கு முன்னாடி கை பட்டு அறுந்துச்சுன்னா, அவன் அழுகையோ சிரிப்போ பாதில நின்னுடும். அந்தப் பாவம் உனக்கு ஆவாது” என்பாள். இரண்டாவது, லைனில் ஆபரேட்டர் இருப்பது பேசுகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. கேட்டாலும் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். இந்த இரண்டும் இவாஞ்சலினுக்குள் ஞாயிறு ஆராதனை போல ஊறிப்போயின. பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்து, கயிறுகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. அவளைப் பில் கவுன்டரில் உட்கார வைத்தார்கள். கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதும் அவளுக்குத் தனிமை தெரியவில்லை. ஜோசப்ராஜ் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஓடுகிற பஸ்ஸில் கத்திக் கத்தி வளர்ந்த குரல். உப்பு கேட்டால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். அந்தக் குரல் நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரிந்தது.

முதல் வருஷ நினைவு ஆராதனைக்கு ஆல்பின் நவம்பரில் வந்தான். வந்த இடத்தில் அம்மாவின் விரல்களைப் பார்த்தான். பனி விழ ஆரம்பித்தால் அவளுக்கு விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து மரத்துப்போகும். டம்ளரைப் பிடித்தால் பிடித்த உணர்வே இருக்காது. கையைச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். ஆல்பின் யோசிக்கவே இல்லை. “எங்க வீட்ல ஹீட் பம்ப்தாம்மா இருக்கு. உனக்கும் ஒண்ணு போட்டுடறேன்” என்றான். சென்னையிலிருந்து பெட்டிகள் வந்திறங்கின. உள்ளூர் ஏசி மெக்கானிக் கோபிநாத் வந்து மாட்டினான்.

ஆரணியில் வெயிலுக்கு ஏசி போட்டவர்கள் உண்டு. குளிருக்கு யந்திரம் போட்டவளை அந்தத் தெரு அப்போதுதான் பார்த்தது. பக்கத்து வீட்டுக் கலைமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னாக்கா இது? நாமளே பனில நடுங்கிகினு கீறோம். இது எங்கருந்து சூட்டைக் கொண்ணாருது?”

“வெளிக்காத்துலயும் கொஞ்சம் சூடு இருக்கும்க்கா. அதை இழுத்து உள்ள தள்ளுது. அதே மிஷினு வெயில் காலத்துல உள்ள இருக்கற சூட்டை வெளிய தள்ளும்” என்றான் கோபிநாத்.

“அடப்பாவி! தெருவுல கொஞ்சநஞ்சம் இருந்த சூட்டையும் எங்கக்கா ஒருத்தரே இழுத்துக்கப் போறாங்களா?” என்று கலைமகள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். இவாஞ்சலின்தான் அதிகம் சிரித்தாள்.

கலைமகளும் அவள் புருஷன் பிரபாகரனும் வீட்டிலேயே தறி போட்டிருப்பவர்கள். பிரபாகரன் நெய்வான். இவள் ராட்டையில் உட்கார்ந்து, தறியில் ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூல்குழலான தாரைச் சுற்றிக் கொடுப்பாள். மாலையானால் வேலையை ஓரங்கட்டிவிட்டு இவாஞ்சலின் வீட்டு வாசற்படிக்கு வந்துவிடுவாள். ஜோசப்ராஜ் போன பிறகு, அந்த வீட்டில் இன்னொரு மனிதக் குரல் கேட்டது என்றால் அது கலைமகள் குரல்தான்.

ஆல்பின் ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரே அமளி. வாசலில் டாக்சி நின்று ஹாரன் அடிக்கிறது. இவன் ஒரு கையில் போனும் ஒரு கையில் பாஸ்போர்ட்டுமாக வெள்ளைப் பெட்டியின் முன்னால் நின்று திட்டிக்கொண்டிருக்கிறான். கோபிநாத்திடம் ஏதோ சொன்னான். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு, “நான் அங்கிருந்தே போன்ல எல்லாம் பாத்துக்கறேம்மா. நீ இதுல கை வைக்காத. கதவு ஜன்னலை மட்டும் சாத்தியே வெச்சிக்க, இல்லாட்டி சூடு போயிடும்” என்றான். டாக்சி போய்விட்டது.

அன்று மாலை இவாஞ்சலின் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போட மனம் வரவில்லை. அப்போதுதான் அந்த ‘டிக்’ கேட்டது. எக்ஸ்சேஞ்சில் லைன் விழும்போது வருகிற அதே சத்தம். எழுந்து போய்ப் பார்த்தாள். எண் மாறியிருந்தது. யார் மாற்றினார்கள்? அவள் கை வைக்கவில்லை. ஊர் போய்ச் சேரக்கூட இல்லையே, வழியில் ஏதோ விமான நிலையத்திலிருந்து போட்டிருக்கிறான் பிள்ளை! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். படுக்கப் போகிற நேரத்துக்கு இன்னொரு ‘டிக்’. இருபத்துநான்கு. ராத்திரி ரொம்பச் சூடு வேண்டாம், தொண்டை காய்ந்துபோகும் என்று குறைத்து வைக்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். “சரிப்பா, நீயும் வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டுப் படுப்பாள். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவன் ஆல்பின். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அங்கே எழுந்து போன் செய்யும்போது இங்கே அவள் படுக்கிற நேரமாகிவிடும். ஆனால் ‘டிக்’ மட்டும் ஞாயிறன்றும் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தவறாமல் வரும். பாவம், எழுந்து போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான் போல என்று இவள் உருகினாள். நம்ப வேண்டும் என்று இருக்கிறவளுக்கு எதுதான் சாட்சியாகாது?

போனில் அவன், “ஹீட்டர் நல்லா ஓடுதாம்மா?” என்று கேட்பான்.

“ஓடுதுப்பா” என்று இவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். தினமும் நீ வருவது எனக்குத் தெரியும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆபரேட்டர் லைனில் இருப்பது தெரியக் கூடாதல்லவா?

ஆக, கை வைக்காத பெட்டியும் சாத்திய கதவுமாகக் குளிர்காலம் ஓடியது. கலைமகள் வழக்கம்போல வந்து கதவைத் தட்டினால், இவாஞ்சலின் ஒரு சாண் திறந்து, “சூடு போயிடும் கலை, பகல்ல வாயேன். இது ஆல்பின் வர்ற நேரம்” என்பாள். வீடியோவில் பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து அவளும் போய்விடுவாள். பகலில் அவளுக்கு ஏது நேரம்? வருவது குறைந்தது. ஜன்னல்களும் சாத்தியிருந்ததால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்கூட இவாஞ்சலினுக்குக் கேட்கவில்லை.

தை மாதத்தில் கலைமகளின் மகள் லாவண்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தேவிகாபுரம். கலைமகள் பத்திரிகையோடு தாம்பூலத் தட்டையும் நீட்டி, “முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு நீங்க கண்டிப்பா மேடைல நிக்கணும்க்கா. அதுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுத்ததே நீங்கதான். பெரிம்மா வந்தாதான் போட்டோவுக்கே நிப்பேன்னு சொல்லிகினு கீது” என்றாள்.

“வராம இருப்பேனா?” என்றாள் இவாஞ்சலின். மனசாரத்தான் சொன்னாள். ரிசப்ஷன் அன்று மாலை அரக்குப் பட்டு கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பும் போட்டாயிற்று. கதவில் கை வைத்தபோது ‘டிக்’ என்றது.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தாள். “லாவண்யா கல்யாணம்ப்பா. நீ தூக்கிகினு திரிவியே, அந்தக் குட்டி” என்று சொல்ல ஆரம்பித்தாள். அவன் சூடு போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, இவள் எழுந்து போனால், யாருமில்லாத வீட்டுக்கா போட்டோம் என்று அவனுக்கு ஆகிவிடாதா? பேச்சு நடக்கிறபோது லைனை விட்டு எழுந்து பழக்கமில்லாதவள். இதோ, இதோ என்றே நேரம் போயிற்று. பட்டுப் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தச் சாயங்காலத்தைத் தீர்த்தாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு முதல் ஆளாகப் போனாள். கலைமகள் கை கூப்பினாள். “வாங்கம்மா. சாப்ட்டுட்டுதான் போவணும்” என்றாள். வருகிற எல்லோருக்கும் சொன்ன அதே வார்த்தை. அக்கா என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு கதவையும் தட்டவில்லை.

மாசி பிறப்பதற்கு முன் ஒரு நாள், விளக்கு வைக்கிற நேரம் வந்தது. ‘டிக்’ வரவில்லை. இவாஞ்சலின் போய்ப் பார்த்தாள். பெட்டியில் எண்ணே இல்லை. வெறும் சாம்பல் நிறக் கண்ணாடி. பிள்ளைக்கு என்ன ஆயிற்று? போன் போட்டாள், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். அந்த ஊர்ப் பனியில் கார்கள் வழுக்கிப் போய் மோதுவதை அவனே சொல்லியிருக்கிறான். “ஆண்டவரே, ஆண்டவரே” என்று கூடத்தில் நடந்தாள். வெகு நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. மீட்டிங்கில் இருக்கிறேன், ஞாயிறு பேசுகிறேன், எல்லாம் ஓகேவா?

உயிரோடு இருக்கிறான். அப்பாடா! ஆனால் அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான். உயிரோடு இருக்கிறவன் ஏன் வரவில்லை? காலையில் ஒட்டடை அடித்தபோது பெட்டியைத் துணியால் துடைத்தது நினைவுக்கு வந்தது. கை பட்டுவிட்டதா? தானே லைனை அறுத்துவிட்டேனா? வேலை பார்த்த காலமெல்லாம் செய்யாத பாவத்தை இந்த வயதில் செய்துவிட்டேனே என்று உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் கோபிநாத் வந்தான். பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து இரண்டு பென்சில் பேட்டரிகளை எடுத்துக் காட்டினான்.

“இவ்ளோதாம்மா. செல்லு போயிடுச்சு. இதுக்கா இவ்ளோ பேஜாரானீங்க? சுவர்க் கடிகாரம் மாதிரிதான் இது” என்று புதியவற்றைப் போட்டான். எண் வந்தது. இவாஞ்சலினுக்கு மூச்சு வந்தது.

“இனிமே என் மகன் அங்கேருந்து போடறது சரியா வந்துடுமா தம்பி?”

“அண்ணன் எங்கம்மா போடறாரு?” என்றான் அவன், எண்களை அழுத்திக்கொண்டே. “அன்னிக்கு இதுல வைஃபை சேரவே இல்ல. போனோட இணைக்கப் பாத்துப் பாத்து முடியல. டாக்சிக்காரன் வேற கத்திகினு இருந்தான். நீயே டைம் செட் பண்ணி வுட்டுடு கோபின்னு சொன்னாரு. நான்தாம்மா போட்டேன். சாயங்காலம் ஏறும், படுக்கற நேரத்துக்கு இறங்கும்.”

“தினமும் அதே நேரத்துக்கு வருமே…”

“தானா வரும்மா. வீட்ல ஆள் இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும்” என்று அவன் சிரித்தான். அவனுக்கென்ன தெரியும்? ஏற்றுவதற்கு இந்தப் பொத்தான், இறக்குவதற்கு இது என்று காட்டிக் கொடுத்தான். இவாஞ்சலின் தலையாட்டினாள். காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் லைன் கொடுத்தவள், கயிறே சொருகாத லைனில் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசியிருக்கிறாள். மருமகளுக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அப்பாவைக் கனவில் கண்டேன் என்று சொல்லி அழுதிருக்கிறாள். எல்லாம் ஒரு கடிகாரத்திடம். மகன் மேல் கோபம் வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லையே, சொன்னதை மறந்துபோனான், அவ்வளவுதான். வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்கு அடியில் இருந்ததற்கு அவள் பெயர் வைக்கவில்லை. நான் வைக்கிறேன். அவள் மகன் அவளிடம் ஒரு நாள்கூட வந்திருக்கவில்லை.

ஞாயிறு இரவு ஆல்பின் கூப்பிட்டான். “ஏம்மா அன்னிக்கு அத்தனை கால்?”

“பெட்டில பேட்டரி போயிடுச்சுப்பா. கோபிநாத் மாத்திட்டான்.”

“குட். இப்ப கதகதப்பா இருக்கா?”

நீ ஒரு நாள்கூடப் போடவில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவன் துடித்துப்போவான். இன்றைக்கே இணைத்துவிடுகிறேன் என்று கோபிநாத்தை விரட்டுவான். இரண்டு நாள் அங்கிருந்தே எண்ணை மாற்றுவான், மூன்றாம் நாள் மீட்டிங் வரும்.

“இருக்குப்பா” என்றாள். “காப்பி குடிச்சியா?”

“இப்பதான்மா கண்ணே முழிச்சேன்” என்று அவன் கொட்டாவி விட்டான்.

மறுநாள் மாலை, வெளிச்சம் இறங்குவதற்கு முன்பே, இவாஞ்சலின் சால்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். அடுத்த வீட்டுக்குப் போவதற்கு அவளுக்கு அவ்வளவு தயக்கம் இருந்ததே இல்லை. தறியிலிருந்து பிரபாகரன் தலையசைத்தான். ராட்டை அருகில் இருந்த கலைமகள் எழுந்து நின்று, “வாங்கம்மா” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் இவாஞ்சலின் எப்போதும் தரையில்தான் உட்காருவாள். நாற்காலி விருந்தாளிகளுக்கு.

உட்கார்ந்தாள். கலைமகள் மறுபடி தார் சுற்ற ஆரம்பித்தாள். லாவண்யாவின் துணிகள் தொங்கிய கொடி காலியாக இருந்தது.

“லாவண்யா போன் பண்ணுதா?”

“பண்ணுது. நல்லா கீறேன்மா, வெச்சிடறேன்னுது” என்றாள் கலைமகள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. திறந்த வாசல் வழியாகப் பனி உள்ளே வந்தது. இவாஞ்சலின் விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. அவள் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள். தெரு விளக்கு எரிந்தது. பக்கத்து மொட்டை மாடியில் யந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது.

கலைமகள் ராட்டையை நிறுத்தினாள். “உங்க மிஷினு ஓட ஆரம்பிச்சிடுச்சு. கெளம்புங்க, உங்க புள்ள வர்ற நேரம்” என்றாள். குரலில் குத்தல் இருந்தது. இருக்கத்தானே செய்யும்?

“இல்ல கலை” என்றாள் இவாஞ்சலின். “அங்க யாரும் வரல. ஒரு நாளும் வரல.”

கலைமகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. நூலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து வந்து, சால்வைக்குள்ளிருந்து அந்தக் கைகளை வெளியே இழுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

“இன்னாக்கா, கை இப்டி ஜில்லுனு கீது.”

மாடியில் யந்திரம் யாருமில்லாத கூடத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.